நடப்பதற்கு முன்பே அச்சான முகாம்

நான் எழுதியவற்றில், மக்கள் கூட்டமாக உட்கார்ந்து ஒரு வரி விடாமல் கடைசிவரை படித்தது ஒன்றே ஒன்றுதான். அதில் எழுதியிருந்த எதுவும் நடந்திருக்கவில்லை. இது என் வீட்டில் எல்லோருக்கும் தெரியும், கொல்லிமலையில் பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேர் தெரிந்துகொள்வதற்குள் நானே சொல்லிவிடுவது கௌரவம் என்று எழுதுகிறேன்.

நான் வழக்கறிஞர். மலையடிவாரத்தில் ஒரு சின்ன நீதிமன்றத்தில் தொழில். அதன் பின்புறம், வண்டி நிறுத்தும் இடத்துக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவில், எங்கள் வழக்கறிஞர் சங்கத்தின் அறை. சங்கத்துக்கு வருடா வருடம் தேர்தல் உண்டு. தலைவர் பதவிக்கு நான்கு பேர் நிற்பார்கள். தலைவர் பதவியில் தோற்போம் என்று முன்கூட்டியே தெரிந்தவர்கள் உபதலைவர் பதவிக்கு நிற்பார்கள். செய்திமடல் ஆசிரியர் என்றும் ஒரு பதவி இருந்தது. அதற்கு யாரும் நின்றதாகச் சரித்திரம் இல்லை. அந்த வருடம் பொதுக்குழு நடந்துகொண்டிருந்தபோது, வீட்டிலிருந்து போன் வந்ததென்று நான் வெளியே போனேன். திரும்புவதற்குள் என்னை ஏகமனதாகத் தேர்ந்தெடுத்துக் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். (யாருக்கோ பிறந்தநாள் என்று நினைத்து நானும் இரண்டு தட்டுத் தட்டினேன்.)

அப்போது எனக்கு முப்பத்திரண்டு வயது. சம்பளமில்லாத பதவிதான், ஆனால் கிடைத்த மறுநாளே விசிட்டிங் கார்டில் 'ஆசிரியர்' என்று சேர்த்து அச்சடித்துவிட்டேன். என் கணவர் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியர். வீட்டில் இரண்டு ஆசிரியர்கள் ஆகிவிட்டதால் இனி காய் நறுக்குவது யார் என்று கேட்டார். நான் அதற்குப் பதில் சொல்லவில்லை. பத்திரிகைத் துறையில் இருப்பவர்கள் எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

செய்திமடல் நான்கு பக்கம், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. எந்த நீதிபதி மாற்றலாகிப் போனார், எந்த வழக்கறிஞர் வீட்டில் விசேஷம், யார் காலமானார். வாட்ஸ்அப் இருக்கும் காலத்தில் தாள் எதற்கு என்று எங்கள் தலைவர் நல்லுசாமி சாரிடம் கேட்டேன். நாற்பது வருட அனுபவத்தில் முப்பத்தைந்தை வாய்தா வாங்குவதிலேயே கழித்தவர் அவர். "வாட்ஸ்அப்ல போட்டா யாரும் படிக்க மாட்டாங்கம்மா. தாள்ல போட்டாலும் படிக்க மாட்டாங்க. ஆனா தாள் ஊட்ல கெடக்கும்" என்றார். அவர் சொன்னது எவ்வளவு சரி என்று பார்ப்பதற்காக, ஒரு இதழில் ஒரே கட்டுரையை இரண்டாம் பக்கத்திலும் மூன்றாம் பக்கத்திலும் போட்டேன். ஒருவரும் கேட்கவில்லை. ஒரு மூத்த உறுப்பினர் மட்டும், இந்தத் தடவை கட்டுரைகளுக்குள் நல்ல தொடர்ச்சி இருந்தது என்று பாராட்டினார்.

இந்த நிலையில்தான் சங்கத்தின் சார்பில் மலைமேல் ஒரு இலவசச் சட்ட உதவி முகாம் நடத்துவது என்று தலைவர் முடிவு செய்தார். தேவனூர் நாட்டில் (கொல்லிமலையில் சில ஊர்கள் சேர்ந்த பகுதிக்கு நாடு என்று பெயர்) ஒரு சமுதாயக் கூடம், ஞாயிற்றுக்கிழமை, சிறப்பு விருந்தினராக ஓய்வு பெற்ற நீதிபதி ஒருவர். முகாமில் மக்களுக்குக் காட்ட ஒரு சாதனை வேண்டும் அல்லவா? அதற்கென்று ஒரு வழக்கை எடுத்து வைத்திருந்தோம். அது பொன்னுசாமிக்கும் சடையனுக்கும் நடந்துகொண்டிருந்த வழக்கு.

இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து நிலம். எல்லையை ஒட்டி, பொன்னுசாமியின் பக்கம் ஒரு பலாமரம். அதில் ஏறியிருந்த மிளகுக்கொடி சடையன் நட்டது. கொடி காய்க்கும்வரை ஒரு பிரச்சினையும் இல்லை. காய்த்த பிறகு யார் பறிப்பது என்று ஒரு நாள் வாய்த்தகராறு. பொன்னுசாமி கீழே இறங்கி வந்து, சடையன் மரத்துப் பக்கமே வரக்கூடாது என்று தடை கேட்டு வழக்குப் போட்டார். ஆறு வருடமாக நடக்கிறது. பொன்னுசாமிக்கு வக்கீல் நான். சடையனுக்கு வக்கீல் எங்கள் தலைவர். சடையனின் மனைவி பழனியம்மாள், பொன்னுசாமியின் கூடப்பிறந்த தங்கை. வழக்குப் போட்ட நாளிலிருந்து அவர் அண்ணன் வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

முகாமுக்குப் பத்து நாள் முன்பு, நீதிமன்ற கேன்டீனில் போண்டா சாப்பிட்டுக்கொண்டே நானும் தலைவரும் இந்த வழக்கைச் சமரசம் செய்து முடித்தோம். மரம் பொன்னுசாமிக்கு, கொடி சடையனுக்கு, விளைச்சலில் இத்தனை பங்கு என்று பேசி, இரண்டாவது போண்டா வருவதற்குள் கைகுலுக்கிக்கொண்டோம். சம்பந்தப்பட்ட இருவரிடமும் கேட்கவில்லை என்பது உண்மைதான். எங்கள் தொழிலில் வக்கீல்கள் இருவரும் ஒத்துப்போய்விட்டால் வழக்கு முடிந்தது என்று அர்த்தம். கட்சிக்காரர்கள் வந்து கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. "நம்ம சொன்னாக் கேப்பாங்கம்மா" என்றார் தலைவர்.

இரண்டு நாள் கழித்துப் பழனியம்மாள் என் அலுவலகத்துக்கு வந்தார். எதிர்க்கட்சிக்காரரின் மனைவி இந்தப் பக்கத்து வக்கீலைத் தேடி வருவது முறையில்லை. அது அவருக்கும் தெரிந்திருந்தது. மகளிர் குழுவுக்குத் தலைவி, விவரமான ஆள். ஒரு பை நிறைய மரவள்ளிக்கிழங்கை மேஜைக்குக் கீழே வைத்துவிட்டு நின்றுகொண்டே பேசினார். அடுத்த மாதம் பொன்னுசாமியின் மகனுக்குக் கல்யாணம். மாப்பிள்ளைக்கு ஒரே அத்தை பழனியம்மாள். அத்தை இல்லாமல் அந்தக் கல்யாணம் நடந்தால் பிறகு சாகும்வரை அந்த வீட்டுக்குப் போக முடியாது என்றார்.

"இந்த முகாம்ல முடிச்சுக் குடுத்துருங்க சாமி. எங்க ஊட்டுக்காரரு மரத்துக்காகக் கோவிச்சுக்கிட்டு இருக்கலீங்க. அது வேற சங்கதி."

என்ன சங்கதி என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. ஏனென்றால் அந்த நிமிடம் எனக்குச் செய்தியின் தலைப்புக் கிடைத்துவிட்டது. 'பிரித்தது மிளகு, சேர்த்தது சங்கம்.' அதை மறந்துவிடுவதற்குள் குறித்துக்கொள்ளும் அவசரத்தில், எல்லாம் முடிந்துவிடும் கவலைப்படாதீர்கள் என்று சொல்லி அவரை அனுப்பிவைத்தேன்.

இனி அச்சகத்தின் பங்கு. சேந்தமங்கலத்தில் எங்கள் மடலை அச்சடிப்பவர், வியாழக்கிழமைக்குள் விஷயம் வந்தால் சனிக்கிழமை தருவேன், இல்லாவிட்டால் குடும்பத்தோடு கோயில்களுக்குப் போய்விட்டு வந்து பத்து நாள் கழித்துத்தான் என்றார். எனக்கோ, முகாம் முடிந்து விருந்தினர் காரில் ஏறும்போதே முகாமைப் பற்றிய செய்திமடல் அவர் கையில் இருக்க வேண்டும் என்று ஆசை. ஆகவே புதன்கிழமை இரவு உட்கார்ந்து, ஞாயிற்றுக்கிழமை நடக்கப்போவதை எல்லாம் நடந்து முடிந்ததாக எழுதினேன். சொல்லப்போனால் சுகமாக இருந்தது. நடந்ததை எழுதும்போது இருக்கும் எந்தத் தொந்தரவும் இதில் இல்லை.

மூன்றாம் பக்கத்தில் வந்தது இது: 'சுமார் ஐந்நூறு பேர் திரண்டிருந்த அரங்கில் ஆறாண்டு காலப் பகை முடிவுக்கு வந்தது. தலைவர் நல்லுசாமி அரை மணி நேரம் உணர்ச்சி பொங்க உரையாற்றினார். அதைக் கேட்ட திரு. பொன்னுசாமி கதறி அழுதார். திரு. சடையன் தன் தவற்றை உணர்ந்து, தழுதழுத்த குரலில் மன்னிப்புக் கோரினார். இருவரும் கட்டித் தழுவியபோது அரங்கமே கண் கலங்கியது. வந்திருந்த அனைவருக்கும் தக்காளி சாதமும் கேசரியும் வழங்கப்பட்டன.'

கூடவே தலைவர் கைநீட்டிப் பேசும் படம் ஒன்று. அது சங்கத்தின் கன்னியாகுமரிச் சுற்றுலாவில் எடுத்தது. ஓரத்தில் கொஞ்சம் கடல் தெரிந்தது. (யார் கவனிக்கப்போகிறார்கள்?) தலைவரிடம் பிழைதிருத்தக் காட்டினேன். கவனமாகப் படித்து ஒரே ஒரு திருத்தம் செய்தார். 'அரை மணி நேரம்' என்பதை அடித்துவிட்டு 'ஒரு மணி நேரம்' என்று எழுதினார்.

ஞாயிறு காலை முதல் பஸ்ஸில் நான் மட்டும் செய்திமடல் கட்டோடும் பேனரோடும் மலையேறினேன். தலைவர், நீதிபதி, சாப்பாடு மூன்றும் பின்னால் காரில் வருவதாக ஏற்பாடு. கூடத்தில் நாற்காலி போட்டு, மைக் கட்டி, பேனரையும் கட்டி முடித்தபோது ஒரு நாற்பது பேர் வந்திருந்தார்கள். இடது பக்கம் பொன்னுசாமி, வலது பக்கம் சடையனும் பழனியம்மாளும். நடுவில் பத்து நாற்காலி காலியாக இருந்தது. அதில் யாரும் உட்காரவில்லை.

பத்து மணிக்கு வர வேண்டிய கார் பதினொன்றாகியும் வரவில்லை. சிக்னல் கிடைக்கும் ஒரு இடத்தைத் தேடிப் பிடித்து, கூடத்துக்குப் பின்னால் ஒரு பாறைமேல் ஏறி நின்று தலைவருக்குப் போன் செய்தேன். பாதி மலையில், ஒரு கொண்டை ஊசி வளைவில், மரவள்ளிக்கிழங்கு ஏற்றிக்கொண்டு மலையிறங்கிய லாரி திரும்ப முடியாமல் குறுக்கே நின்றுவிட்டதாம். முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் போக முடியவில்லை என்றார். அதைச் சொன்ன குரலில் பெரிய வருத்தம் எதுவும் தெரியவில்லை. வாய்தா கிடைத்தால் அவருக்கு எப்போதும் ஒரு நிம்மதி.

கூட்டத்தைப் பிடித்து வைக்க வேண்டுமே என்று நானே மைக்கைப் பிடித்தேன். அரசியலமைப்புச் சட்டம் மலைவாழ் மக்களுக்குத் தரும் உரிமைகள் பற்றிப் பன்னிரண்டு நிமிடம் பேசினேன். முன்வரிசையில் ஒருவர் தூங்கிவிட்டார். மற்றவர்கள் அவரைக் கொஞ்சம் பொறாமையோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். பன்னிரண்டரை மணிக்கு ஒரு பஸ் உண்டு, அதில் போய்விடலாமா என்று பின்வரிசையில் பேச்சுக் கிளம்பியது. சடையன் வெளியே இருந்த செருப்பைத் திரும்பிப் பார்த்தார். பழனியம்மாள் என்னைப் பார்த்தார்.

கையில் இருந்தது செய்திமடல் கட்டு ஒன்றுதான். பிரித்தேன். ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்துக்கொண்டே போனேன்.

உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று நினைவில்லையா என்று என் மகள் இன்றும் கேட்கிறாள். நேர்மையாகச் சொன்னால், யாரும் படிப்பார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. எத்தனை இதழ் போட்டிருக்கிறேன், ஒருவராவது படித்ததுண்டா? தாளை மடித்து விசிறிக்கொள்வார்கள், அதற்குள் கார் வந்துவிடும் என்று நினைத்தேன். கடைசிப் பிரதியை நீட்டி முடித்த பிறகுதான் மூன்றாம் பக்கம் நினைவுக்கு வந்தது. அந்த நேரத்தில் நாற்பது பேரும் தலைகுனிந்து படித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு ஆசிரியராக நான் கனவு கண்ட காட்சி அது.

முதலில் ஒருவர் எழுந்து, கேசரி எங்கே என்று கேட்டார். இன்னும் வரவில்லை என்றேன். எல்லோருக்கும் கொடுத்துவிட்டதாகப் போட்டிருக்கிறதே, எங்களுக்கு மட்டும் இல்லையா என்றார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. இன்னொருவர் நின்றபடி தலைகளை எண்ணி, நாற்பத்தொன்று என்று அறிவித்தார். மூன்றாமவருக்குப் படத்தில் தெரிந்த தண்ணீர் எந்த அணை என்று சந்தேகம். அதற்குள் கண்ணாடி கொண்டு வராதவர்கள் சத்தமாகப் படிக்கச் சொல்லிக் கேட்கவே, குழுக் கூட்டங்களில் படித்துப் பழகிய பழனியம்மாள் மைக்கை வாங்கிக்கொண்டார். தெளிவான குரல். நிறுத்தி நிறுத்தி, ஒரு சொல் விடாமல், மூன்றாம் பக்கம் முழுவதையும் படித்தார். அண்ணன் அழுததைப் படித்தார். கணவர் மன்னிப்புக் கேட்டதைப் படித்தார். கேசரிவரை படித்துவிட்டு மைக்கை மெதுவாக மேஜைமேல் வைத்தார்.

பொன்னுசாமி எழுந்தார்.

"ஏனுங்க வக்கீலம்மா, நான் எப்பங்க அழுதேன்?"

"அது வந்துங்க... இனிமேல்..." என்று இழுத்தேன்.

"இனிமே அழோணுமுங்களா?"

கூடத்தில் சிரிப்பு எழுந்தது. சடையன் சிரிக்கவில்லை. அவர் சத்தம் போடும் ஆளும் இல்லை. நான் என்ன தப்புச் செய்தேன், எதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று பொதுவாக ஒரு தரம் கேட்டுவிட்டு, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தார். பழனியம்மாள் அவர் பின்னால் போகவில்லை. நாற்காலியிலேயே உட்கார்ந்து, கையில் இருந்த தாளைச் சின்னதாக மடித்துக்கொண்டிருந்தார். அடுத்த மாதத்துக் கல்யாணம் அந்த மடிப்புக்குள் போய்க்கொண்டிருந்தது எனக்கும் தெரிந்தது.

நான் ஓடிப்போய் வாசலை மறித்து நின்றேன். (கறுப்புக் கோட்டு, கழுத்துப் பட்டை, இரண்டு கையையும் அகட்டி வைத்த நிலை. ஊருக்குள் இதை நடித்துக் காட்டுகிறார்கள் என்று கேள்வி.) எழுதியது தப்பு, இப்போதே உங்கள் முன்னால் மறுப்பு எழுதித் தருகிறேன், அடுத்த இதழில் முதல் பக்கத்தில் போடுகிறேன் என்றேன். பொன்னுசாமியும் எழுதச் சொன்னார். ஆறு வருடத்தில் இருவரும் ஒத்துக்கொண்ட முதல் விஷயம், நான் பொய் எழுதினேன் என்பதுதான். இருவரும் மேஜைக்கு இரண்டு பக்கமும் வந்து உட்கார்ந்தார்கள். நான் எழுதுவதைப் பழனியம்மாள் படித்துக் காட்டினால்தான் செல்லும் என்றும் நிபந்தனை வைத்தார்கள்.

முதல் வரி: 'பொன்னுசாமி அழவில்லை.' சடையன் வேறெங்கோ பார்த்துக்கொண்டு, அது நிஜம்தான், அவர் அப்பா செத்தபோதுகூட அவர் அழுது பார்த்ததில்லை என்றார். இரண்டாவது வரி: 'சடையன் மன்னிப்புக் கேட்கவில்லை.' இதற்குப் பொன்னுசாமி, தப்புச் செய்தால்தானே கேட்க வேண்டும், கொடியை அவர் நட்டது என் கண் முன்னால்தான் என்றார். நான் பேனாவை நிறுத்தினேன். ஆறு வருடமாக நீதிமன்றத்தில் இதை அவர் ஒப்புக்கொள்ளவே இல்லை. (ஒப்புக்கொள்ள வேண்டாம் என்று சொல்லி வைத்தது நான்.)

சடையன் முதல்முறையாக மைத்துனர் முகத்தைப் பார்த்தார்.

"இப்பத் தப்பில்லீங்கற வாயிதான அன்னிக்கு நான் அருவா எடுத்துட்டு வந்தேன்னு சொல்லுச்சு."

"எந்த அருவா?" என்றார் பொன்னுசாமி.

பழனியம்மாள்தான் பேசினார். கையில் தாள் எதுவும் இல்லாமல், மனப்பாடமாக, எழுத்துத் தமிழில் சொன்னார்: 'பிரதிவாதி அடியாட்களுடனும் கையில் அரிவாளுடனும் அத்துமீறி நுழைந்து, வாதியைக் கொன்றுவிடுவதாக மிரட்டினார்.' சம்மனோடு வந்த பிராது நகலை வீட்டில் கணவருக்குப் படித்துக் காட்டியவர் அவர்தான். பிறகு அண்ணனைப் பார்த்து, நீ அப்படிச் சொல்லவில்லையா என்று கேட்டார்.

"நான் ஏன் புள்ள அப்படிச் சொல்றேன்? மாப்ள கையில அன்னிக்கு வெறுஞ்சாக்குதான இருந்துச்சு."

அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. இருவரும், பழனியம்மாளும், நாற்பத்தொரு பேரில் மீதிப் பேரும் என் பக்கம் திரும்பினார்கள்.

அந்தப் பத்தியை உங்களுக்கும் அறிமுகப்படுத்திவிடுகிறேன். தடை கேட்டு வழக்குப் போட்டால், உடனே தடை கொடுக்காவிட்டால் ஆபத்து என்று காட்ட வேண்டும். ஆகவே எங்கள் ஊரில் இப்படிப்பட்ட எல்லாப் பிராதிலும் ஏழாவது பத்தியில் ஒரு அரிவாள் வரும். என் சீனியர் கணினியில் இருந்தது என் கணினிக்கு வந்தது. பெயரை மட்டும் மாற்றிக்கொள்வேன். அதை வக்கீல்கள் படிப்பதில்லை, நீதிபதிகள் அந்த இடம் வந்தால் பக்கத்தைப் புரட்டிவிடுவார்கள். எங்களைப் பொறுத்தவரை கடிதத்தில் 'நலம், நலமறிய அவா' என்று போடுவதுபோல் அது ஒரு சம்பிரதாயம். அதை ஒரு வீட்டில் விளக்கைப் போட்டு உட்கார்ந்து ஒரு பெண் தன் கணவனுக்குப் படித்துக் காட்டுவாள், கொலைகாரன் என்று தன் அண்ணனே சொல்லிவிட்டதாக நம்புவாள் என்று எங்களில் யாருக்கும் தோன்றியதில்லை. பொன்னுசாமி அதைப் படிக்கவே இல்லை. நான் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டவர். மூவரும் நேரில் கேட்டுக்கொண்டிருக்கலாமே என்றால், கேஸ் முடியும்வரை அந்தப் பக்கத்தோடு பேச்சு வைத்துக்கொள்ளாதீர்கள் என்று நானும் தலைவரும் ஆளுக்கொரு பக்கம் அறிவுரை சொல்லியிருந்தோம்.

எனக்கு வெட்கமாக இருந்தது. செய்திமடலுக்காகப் பட்ட வெட்கம் வேறு, அதைச் சிரித்து மழுப்பிவிடலாம். இதற்கு அப்படி ஒரு வழியும் தெரியவில்லை. மைக்கை எடுக்காமல், அரிவாள் நான் எழுதியது, அவர் சொல்லவில்லை என்று சொன்னேன். குரல் தழுதழுத்தது. (செய்திமடலில் சடையனுக்கு எழுதிய குரல்.) திட்டுவார்கள் என்று காத்திருந்தேன். பழனியம்மாள் என்னைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்:

"ஆறு வருசமுங்க, கண்ணு."

மறுப்பில் மூன்றாவது வரி சேர்ந்தது: 'சடையன் அரிவாள் எடுத்து வரவில்லை. பொன்னுசாமி அப்படிச் சொல்லவில்லை. எழுதியது வக்கீல்.' அதற்குப் பிறகு மரத்தையும் கொடியையும் பற்றி அவர்கள் பேசி முடிக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. நாங்கள் போண்டா சாப்பிட்டுக்கொண்டே போட்ட திட்டத்தில் ஒன்றையும் அவர்கள் எடுத்துக்கொள்ளவில்லை. மிளகு சடையன் வீட்டுக்கு, பலாப்பழம் பொன்னுசாமி வீட்டுக்கு, பறிக்கிற அன்று இரண்டு வீட்டு ஆட்களும் சேர்ந்து பறிப்பது. மழையில் மரம் சாய்ந்தால் என்ன செய்வது என்று நான் ஒரு நிபந்தனை எழுதப் போனேன். பேனாவை வாங்கி வைத்துவிட்டார்கள்.

ஒன்றரை மணிக்குக் கார் வந்தது. தலைவர் உள்ளே நுழைந்தபோது இருவரும் ஒரே மேஜையில் உட்கார்ந்திருந்தார்கள், நான் தலையைக் குனிந்திருந்தேன். எங்கள் ஆட்கள் முடித்துவிடுவார்கள் என்று சொன்னேன் அல்லவா என்று நீதிபதியிடம் அவர் பெருமைப்பட்டுவிட்டு, நேராக மைக்குக்குப் போய்ப் பேச ஆரம்பித்தார். கால் மணி நேரம் ஆவதற்குள் பொன்னுசாமி எழுந்தார். வழக்கில் சடையனுக்காகத் தலைவர் எழுதித் தாக்கல் செய்த பதிலில் என்ன இருந்தது என்று அதற்குள் தங்கையிடம் கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தார். நான் குடித்துவிட்டு வந்து தகராறு செய்ததாக நீங்கள் எழுதியது எந்த நாள் என்று மரியாதையாக விசாரித்தார். பொன்னுசாமி டீகூடக் குடிக்காதவர். தலைவர் சற்று யோசித்துவிட்டு, எல்லோருக்கும் பசிக்கும், முதலில் சாப்பாடு என்றார். கேசரி ஆறிப்போயிருந்தது. ஆனாலும் எல்லோருக்கும் கொடுத்தோம்.

அடுத்த இதழில் முதல் பக்கத்தில் மறுப்பு வந்தது. எங்கள் சங்கத்தினர் படித்த முதல் இதழும் அதுதான். ஏழாவது பத்தியின் ரகசியத்தை வெளியே சொல்லிவிட்டேன் என்று அவசரக் கூட்டம் போட்டார்கள். ஆசிரியர் பதவியிலிருந்து என்னை நீக்க வேண்டும் என்று ஆவேசமாகப் பேசினார்கள். அப்படியானால் அடுத்த ஆசிரியர் யார் என்று தலைவர் கேட்டதும் கூட்டத்தில் சத்தம் நின்றது. என்னை மறுபடியும் ஏகமனதாகத் தேர்ந்தெடுத்தார்கள். இந்த முறை நான் கைதட்டவில்லை.

கல்யாணத்துக்குப் பழனியம்மாளே போன் செய்து அழைத்தார். வந்து பார்த்துவிட்டு அதன் பிறகு எழுதுங்கள் என்றார். போனேன். மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் அத்தை நின்றிருந்தார். சடையன் பந்தியில் பரிமாறிக்கொண்டிருந்தார். எனக்கு மட்டும் இரண்டு கரண்டி கேசரி வைத்தார். அவர் முகத்தில் சிரிப்பு இருந்ததா இல்லையா என்று இன்றும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை, ஆகவே எழுதவில்லை.

அதிலிருந்து தடை வழக்குக்கு யார் வந்தாலும், உண்மையில் அரிவாள் வந்ததா என்று கேட்கிறேன். வந்ததாகவே போடுங்கள் அம்மா, போட்டால்தான் கெத்தாக இருக்கும் என்பவர்கள் எதிர் அலுவலகத்துக்குப் போய்விடுகிறார்கள். வருமானம் கொஞ்சம் அடிபட்டது. மலைமேல் எனக்குப் பெயரே மாறிவிட்டது. போன மாதம் பைல் நாட்டிலிருந்து ஒருவர் காலையில் தேடி வந்து, வாசலில் என் கணவரிடம் கேட்டார்: "அருவா போடாத வக்கீலம்மா ஊடு இதுதானுங்களா?"

"இதுதாங்க. தாள்ல மட்டுந்தான் போடமாட்டாங்க, ஊட்ல உண்டு. பாத்து உள்ள வாங்க" என்றார் கணவர். என் மகள் உள்ளே இருந்து சிரித்தாள். வந்தவர் சிரித்துக்கொண்டே வந்து உட்கார்ந்தார். வரப்புத் தகராறு. நான் வழக்கம்போல, எதிராளி அரிவாள் எடுத்து வந்தாரா என்று கேட்டேன்.

"இல்லீங்க" என்றார். சிரிப்பு நின்றுவிட்டது. "வந்துச்சுன்னு எழுதிருவாங்களோன்னு பயந்துக்கிட்டுத்தான் மூணு வக்கீலத் தாண்டி இங்க வாரேன். அந்தப் பக்கம் என்ர தம்பிங்க."